கட்டாக்காலி யார்?

"மனிதனுக்கே சோறில்லாத நாட்டில் நாய்க்குச் சோறா?" என்று எம்மிடம் கேட்டார் நண்பர் ஒருவர். கேட்டவர் பிற்போக்காளர் அல்லர். தோட்டத் தொழிலாளரின் சம்பளப் போராட்டத்துக்காக உண்டியல் குலுக்கியவர். சாதிக்கொடுமைக்கு எதிராக ஊர்வலம் சென்றவர். எம்மோடு ஒரே பாடசாலையிற் கற்பிக்கும் ஆசிரியர். அவருடைய நேர்மையில் எமக்கு ஐயம் இல்லை. அதனாலேயே அவருடைய கேள்வியை அலட்சியம் செய்து செல்ல எம்மால் முடியவில்லை. அவரைப் போலச் சிந்திப்போர் எமது அணியிற் பலர் உளர். அவர்கள் அனைவருக்குமான மறுமொழியே இது.

நடந்ததை முதலிற் கூறுவோம். எமது பாடசாலைக்கு அணித்தாக உள்ள சந்தையின் பின்புறத்தில், மீன் கழுவிய நீர் ஓடும் வாய்க்காலருகே ஒரு பெட்டை நாய் கிடந்தது. உடலில் மயிர் இல்லை. தோல் யானைத்தோல் போலத் தடித்து வெடித்திருந்தது. விலா எலும்புகளைத் தூரத்தில் நின்றே எண்ணலாம். சொறிக்கு மருந்தென்று எவரோ ஊற்றிய பழைய என்ஜின் எண்ணெய் முதுகிற் கருகிக் கிடந்தது. கழுத்தைச் சுற்றிப் புண். அதில் ஈ மொய்த்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர் நால்வர் வந்து எம்மை அழைத்துச் சென்று காட்டினர். வேட்டைப்பல் பட்ட காயம் என்றுதான் நாமும் எண்ணினோம். அரசாங்க மிருக வைத்தியர் அப்புண்ணைத் துப்புரவு செய்தபோது உள்ளேயிருந்து ஒரு நைலோன் கயிறு வெளிவந்தது. குட்டியாக இருந்த காலத்திற் கட்டிய கயிறு. நாய் வளர்ந்தது, கழுத்துப் பருத்தது, கயிறு வளரவில்லை. அதைத் தளர்த்திவிட ஒரு கை இருக்கவில்லை. கயிறு தோலை அறுத்துத் தசைக்குள் புதைந்து போயிற்று.

'கட்டாக்காலி நாய்' என்று எமது பிரதேச சபைகளும் பத்திரிகைகளும் எழுதுகின்றன. கட்டப்படாத கால்நடையே கட்டாக்காலி. ஆனால் இந்நாய் கட்டப்பட்ட நாய். அதற்கு ஒரு வீடு இருந்தது, ஒரு முற்றம் இருந்தது, கயிறு வாங்கிய ஒரு மனிதர் இருந்தார். காட்டிலிருந்து வந்து எமது தெருவில் நுழைந்த விலங்கன்று அது. எமது வேலிகளுக்குள்ளிருந்து தெருவுக்குத் தள்ளப்பட்டது. தெருவில் அலையும் நாய்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வாறு தள்ளப்பட்டவை, அல்லது தள்ளப்பட்டவற்றின் வழிவந்தவை. எனவே எமது முதல் வாதம் இது: தெருநாய் இயற்கையின் படைப்பு அன்று, அது சமுதாயத்தின் படைப்பு. சமுதாயம் ஆக்கிய துன்பத்துக்குச் சமுதாயமே பொறுப்பு.

அந்நாயை நாம் இரண்டு மாதங்கள் பராமரித்தோம். பராமரித்தோம் என்பது சொல்லுக்கு எளிது. பட்டினி கிடந்த உயிருக்கு வயிறு நிறையச் சோறிட்டால் அது அன்பு என்றே நாம் நினைத்திருந்தோம். நெடுநாட் பட்டினியின் பின் ஒரேயடியாக உணவு புகுந்தால் இரத்தத்திலுள்ள உப்புக்களின் அளவு குலைந்து உயிரே போகக்கூடும் என்று வைத்தியர் எச்சரித்தார். ஆகவே சிறிது சிறிதாக, நாளுக்கு நான்கு ஐந்து தடவை, குழைய வேகவைத்த சோறும் முட்டையும் நெத்தலியும் கொடுத்தோம். சொறிக்குக் காரணம் தோலைத் துளைத்து முட்டையிடும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. என்ஜின் எண்ணெய் அதற்கு மருந்தன்று. தோலின் வழியாகவும், நாய் தன்னை நக்கும்போது வாயின் வழியாகவும் உட்சென்று ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு அது. உரிய மருந்து ஐவர்மெக்ரின். இரு கிழமைக்கு ஒருமுறை ஊசி. அதனோடு உண்ணிக் காய்ச்சலுக்கும் சிகிச்சை நடந்தது. அதன் முரசு வெளுத்துக் கிடந்ததைப் பார்த்தே வைத்தியர் இரத்தம் குறைந்ததை அறிந்தார்.

எமது தவறுகளையும் மறைக்க விரும்பவில்லை. முதற் கிழமையிற் கையுறை இன்றித் தொட்ட மாணவர் இருவருக்குச் சொறி பற்றிக்கொண்டது. ஒரு மாணவனின் தந்தை பாடசாலைக்கு வந்து எம்மைக் கடிந்து பேசினார். அவர் பேசியதில் நியாயம் இருந்தது. அதன் பின் நீர்வெறுப்பு நோய்க்கான தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட ஆசிரியர் இருவர் மட்டுமே நாயைத் தொட்டனர். மாணவர் சமைத்தனர், குறிப்பெழுதினர், நிறை பார்த்தனர். இரக்கம் அறிவோடு சேராதபோது அது இன்னொருவருக்குக் கேடாகும் என்ற பாடத்தை எந்தப் பாடநூலும் அவர்களுக்கு இத்துணைத் தெளிவாகக் கற்பித்திராது.

ஆறாவது கிழமையில் தோலின் மீது மென்மயிர் அரும்பியது. எட்டாவது கிழமையில் அது செம்மஞ்சள் நிற நாய் என்பதை முதன்முறையாக அறிந்தோம். அதுவரை அதன் நிறமே எமக்குத் தெரியாது.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். மனிதனுக்கே சோறில்லை என்கிறார். உண்மை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்கள் நாம். வைத்தியசாலைகளில் மருந்தின்றி நோயாளர் திரும்பியதைக் கண்டவர்கள் நாம். ஆனால் அச்சோற்றை உண்டது யார்? வாய்க்காலருகே கிடந்த நாயா? நாட்டைக் கடனில் அமிழ்த்தியவர் எவர் என்பதை எம் நண்பர் எம்மினும் நன்கு அறிவார். மேடைகளில் அதனை அவர் முழங்கியும் இருக்கிறார். அவ்வாறிருக்க, ஏழையின் பசிக்கு இரக்கத்தையே கணக்குக் கேட்பது என்ன நியாயம்? இரக்கம் ஒரு பானைச் சோறன்று, ஒருவருக்கு அள்ளினால் இன்னொருவருக்குக் குறைவதற்கு. எமது அனுபவத்திற் கண்டதைக் கூறுகிறோம்: அந்நாய்க்காக நாளொன்றுக்கு ஒரு பிடி அரிசி கொணர்ந்த மாணவர்களே, மழைவெள்ளத்தின்போது அகதிகளான குடும்பங்களுக்காக வீடு வீடாகச் சென்று சேகரித்த அணியிலும் முன்னின்றனர். நாயைக் கல்லாலடித்தவர்களில் ஒருவரையும் நாம் அங்கே காணவில்லை.

அறிவுலகிலும் இப்பிரிவினை செல்லாது. மேற்சொன்ன ஐவர்மெக்ரின் ஜப்பானிய மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பெறப்பட்டது. 1981இல் அது கால்நடை மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. பின்னர், ஆபிரிக்காவின் ஆற்றங்கரைகளில் ஏழை மக்களைக் குருடாக்கிய நோய்க்கு அதுவே மருந்தெனக் கண்டனர். 1987 முதல் இலவசமாக வழங்கப்பட்டது. 2015ஆம் ஆண்டின் நோபெல் பரிசு ஒமுராவுக்கும் காம்பெலுக்கும் அதற்காகவே கிடைத்தது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் செய்த ஆய்வு வீண் என்று எவரேனும் தடுத்திருந்தால் இலட்சக்கணக்கான மனிதர் பார்வை இழந்திருப்பர்.

நண்பர் இன்னொரு வாதத்தையும் வைத்தார். அது முன்னையதிலும் வலியது. அதே மாதத்தில் எமது பாடசாலையின் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவனை வேறொரு தெருநாய் கடித்துவிட்டது. அவன் தாய் வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலி. ஊசி அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். ஆனால் பஸ் இலவசம் அன்று. ஊசிக்குச் சென்ற ஒவ்வொரு நாளும் ஒரு நாட்கூலி போயிற்று. "இந்தத் தாயிடம் சென்று உங்கள் ஜீவகாருண்யத்தைப் பேசுங்கள்" என்றார் நண்பர்.

நாம் சென்றோம். பேசுவதற்கு அன்று, கேட்பதற்கு. தெருநாயால் வரும் துன்பம் வர்க்கபேதம் அற்றதன்று என்பதை அங்கே கண்டோம். மதிலுக்குள் வாழ்பவனை, காரிற் செல்பவனை, அது கடிப்பதில்லை. இருட்டோடு எழுந்து நடந்து வேலைக்குச் செல்பவளையும், நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளையையுமே கடிக்கிறது. நீர்வெறுப்பு நோயால் உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இறப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகிறது. மிகப்பெரும்பாலோர் ஆசியாவினதும் ஆபிரிக்காவினதும் ஏழைகள். கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பார் இல்லை. இதனைச் சிறிதாக்கிப் பேசும் நாய்ப்பிரியர் எவரோடும் எமக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் இத்துன்பத்துக்குத் தீர்வு கொலையா? இதுவே கேள்வி. உணர்ச்சியால் அன்று, கணக்கால் விடை காண்போம். 1893ஆம் ஆண்டின் நீர்வெறுப்பு நோய்ச் சட்டம் தெருவில் அலையும் நாயைக் கொல்ல அதிகாரம் அளித்தது. அதன் கீழ் நாய்பிடி வண்டிகள் பல தசாப்தங்களாக ஓடின. அவ்வாறு ஓடியும் 1973ஆம் ஆண்டில் இந்நாட்டில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். ஏறக்குறைய எண்பது ஆண்டுக் கொலையின் பலன் அது. நாய்களுக்குப் பரந்த அளவில் தடுப்பூசி ஏற்றப்பட்ட பின்னரே, கடிபட்ட மனிதருக்குச் சிகிச்சை பரவிய பின்னரே, அத்தொகை படிப்படியாக இறங்கியது. தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கை 2006இல் வந்தது. கொலை நின்றதால் மரணம் பெருகவில்லை, மேலும் குறைந்தது. அண்மைய ஆண்டுகளில் அது இருபது முப்பது என்ற அளவில் நிற்கிறது.

பாலித் தீவிலும் இதே பாடம். 2008இல் அங்கே இந்நோய் புகுந்தபோது அதிகாரிகள் நாய்களைப் பெருந்தொகையாகக் கொன்றனர்; நோய் தீவெங்கும் பரவியது. பின்னர் தீவு முழுவதும் தடுப்பூசி ஏற்றியதும் மரணங்கள் வீழ்ந்தன. காரணம் விளங்கக்கூடியதே. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டால் நோயின் சங்கிலி அறுந்துபோகும். கொல்லும்போது தடுப்பூசி பெற்ற நாயும் சாகிறது. அதன் இடத்துக்கு, குப்பைமேடு இருக்கும்வரை, தடுப்பூசி பெறாத வேறொரு நாய் வந்து சேர்கிறது. ஆகவே கொலை கேட்பவர் அந்த வெங்காயத் தோட்டத்துத் தாயின் பிள்ளையைக் காப்பவர் அல்லர். அவர் காப்பது தம் கோபத்தை.

இங்கே பண்பாட்டைப் பற்றியும் சிறிது பேச வேண்டியிருக்கிறது. எமது ஒழுங்கைகள்தோறும் வைரவர் கோயில் உண்டு. வைரவரின் வாகனம் நாய். அவருக்கு வடைமாலை சாத்தும் கைகளே வீதிக்கு வந்ததும் அவருடைய வாகனத்துக்குக் கல்லெடுக்கின்றன. நாயைப் பிரிந்து சுவர்க்கம் புகமாட்டேன் என்று நின்ற தருமனின் கதையைப் பிரசங்கிமார் கண்ணீர் மல்கக் கூறுகின்றனர். பிரசங்கம் கேட்டுத் திரும்புகிறவர், வீட்டிற் பிறந்த பெட்டைக் குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையடியில் விட்டுச் செல்கிறார். ஏன் பெட்டைக் குட்டி? கடுவன் காவலுக்கு உதவும். பெட்டை குட்டி போடும். பெண் பிறந்தால் செலவு என்று எண்ணும் அதே மனம் நாயிடத்தும் அதே தீர்ப்பை வழங்குகிறது.

சாதியும் இங்கே வந்து நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த நாய்க்குச் 'சாதி நாய்' என்று பெயர். எமது மண்ணின் நாய்க்கு ஆங்கிலேயன் இட்ட பெயரோ, எமது சமுதாயம் ஒடுக்கிவைத்த ஒரு சாதியின் தமிழ்ப்பெயரிலிருந்து பிறந்தது. மனிதரை இழிவுபடுத்திய பெயரால் நாயும், நாயின் பெயரால் மனிதரும் மாறி மாறி இழிவுபடுத்தப்பட்டனர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும், 1960களின் ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் மனிதரிடையேயுள்ள தடையை உடைக்க எழுந்தவை. அப்போராட்டங்களைப் போற்றும் நாம், பிறப்பால் இழிந்தது என்று ஓர் உயிரை ஒதுக்கும் எண்ணத்தை வேறோர் இடத்தில் மட்டும் தங்கவிடலாமா? மனிதரும் நாயும் ஒன்று என்பது எமது வாதமன்று. இழிவுபடுத்தும் மனம் ஒன்றே என்பதுதான்.

எமது அணியும் குற்றமற்றதன்று. 1957 நவம்பர் 3ஆம் நாள் சோவியத் நாடு விண்வெளிக்கு அனுப்பிய லைக்கா மொஸ்கோவின் தெருவிற் பிடிக்கப்பட்ட நாய். அதனைத் திருப்பிக் கொணர எவ்வித ஏற்பாடும் இருக்கவில்லை. உலகெங்கும் முற்போக்காளர் கைதட்டினர். ஏவிய சில மணி நேரத்திலேயே வெப்பந் தாளாது அது இறந்துவிட்டது என்ற உண்மை 2002இலேயே வெளிவந்தது. அப்பணியிற் பங்குகொண்ட விஞ்ஞானி ஒலெக் கசென்கோவே பின்னாளில் அதற்காக வருந்தினார். அவர் வருந்தியதால் விஞ்ஞானம் தாழ்ந்துவிடவில்லை. எவருக்கும் சொந்தமில்லாத உயிரை எதற்கும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் எந்தக் கொடியின் கீழும் தவறே.

போரை மறந்தும் இதனைப் பேச முடியாது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளியேறியபோது, பின்னால் ஓடிவந்த நாய்களைத் திரும்பிப் பார்க்கவும் முடியாமல் நடந்தவர் எத்தனை பேர்! அவர்களை நாம் குறை கூறோம். கைவிட நேர்ந்தவர் வேறு, கைவிடுவதைப் பழக்கமாக்கிக் கொண்டவர் வேறு. கைவிடப்படுவது என்றால் என்ன என்பதைத் தம் உடலால் அறிந்த மக்கள் நாம். அவ்வறிவு எம்மைக் கல்லாக்க வேண்டுமா, கனிவாக்க வேண்டுமா?

எனினும், 'ஒவ்வொருவரும் ஒரு நாயை எடுத்து வளருங்கள்' என்று உபதேசித்து இக்கட்டுரையை முடிப்போமாயின், அதுவும் ஓர் ஏமாற்றே. நாம் ஒரு நாயைத் தேற்றிய அந்த இரண்டு மாதங்களுக்குள் அதே சந்தையடியில் இரண்டு சாக்குகளில் குட்டிகள் விடப்பட்டன. ஒருவர் இறைக்கும் வேகத்திலும் அதிக வேகமாக ஓட்டை வழியே நீர் புகுமானால், இறைப்பவரைப் புகழ்வது மட்டும் போதாது. ஓட்டையை அடைக்க வேண்டும். தினமும் தெருவிற் பாண் துண்டு வீசிவிட்டுப் புண்ணியம் தேடுபவர்களுக்கும் இதையே சொல்வோம். கருத்தடை செய்யாது, தடுப்பூசி ஏற்றாது உணவு மட்டும் போடுவது, அடுத்த ஆண்டின் பட்டினிக் குட்டிகளுக்கு இன்றே வித்திடுவதாகும்.

ஆகவே எமது கோரிக்கைகள் தெளிவானவை. நாய்க்கான கருத்தடையும் தடுப்பூசியும் ஆண்டுக்கொரு விழாவாக அன்றி, ஒவ்வொரு பிரதேச சபையின் நிரந்தரக் கடமையாக வேண்டும்; ஏழையின் வீட்டு நாய்க்கு அவை இலவசமாக வேண்டும். 1901ஆம் ஆண்டிலேயே நாய்ப்பதிவுச் சட்டம் இயற்றிய நாடு இது. பதிவு உண்மையில் நடக்குமாயின், சாக்கில் கட்டி விடுபவர் யார் என்று கண்டுகொள்ள வழி பிறக்கும். மிருகவதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. அது விதித்த உச்சத் தண்டம் நூறு ரூபா. அன்று அது பெருந்தொகை. ஒரு நூற்றாண்டு கடந்தும் அத்தொகை மாறவில்லை. இன்று அது ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் போதாது. புதிய சட்டத்துக்கான வரைவை 2006இல் சட்ட ஆணைக்குழு தயாரித்தது. 2010இல் அது தனிநபர் பிரேரணையாகப் பாராளுமன்றத்துக்குச் சென்றது. 2016இல் அமைச்சரவை அங்கீகாரம் பெற்றது. பெற்றும் அவ்வாண்டு சட்டமாகவில்லை. வாக்குரிமை இல்லாத உயிருக்காகச் சட்டம் இயற்ற எவருக்குத்தான் அவசரம்?

இவற்றைக் கேட்பதற்கு வலு வேண்டும். அவ்வலு எங்கிருந்து வரும்? ஓர் உயிரைக் கையிலெடுத்துத் தேற்றிப் பார்த்தவரிடமிருந்தே வரும் என்பது எமது துணிபு. கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரம் இட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும் என்பதை எமது பாடசாலையிற் பிள்ளைகள் இன்று அறிவர். ஆறாம் வகுப்புக்குப் போய் அதைக் கற்பித்தவர்கள், அந்நாய்க்குச் சோறு வடித்த ஒன்பதாம் வகுப்பு மாணவரே. பிரதேச சபைக்குக் கருத்தடை முகாம் கேட்டு மனு எழுதியவர்களும் அவர்களே. அம்மனுவில் முதலாவதாகக் கையொப்பமிட்டவர் கடிபட்ட பிள்ளையின் தாய். "நாயைக் கொல்லச் சொல்லி நான் கேட்கேல்லை, என்ரை பிள்ளையைக் கடியாமல் பார்க்கச் சொல்லித்தான் கேட்கிறன்" என்றார் அவர். எம் நண்பரின் கேள்விக்கு அதைவிடச் சிறந்த மறுமொழியை நாம் அறியோம்.

செம்மஞ்சள் நாய் கருத்தடையும் தடுப்பூசியும் பெற்று, பாடசாலைக் காவலாளியின் வளவில் வாழ்கிறது. பெட்டை என்பதால் நான்கு வீடுகள் அதை மறுத்தன. மனு பிரதேச சபையில் இருக்கிறது. முகாம் இன்னும் நடக்கவில்லை. அந்த நைலோன் கயிற்றை மாணவர் எறியவில்லை. விஞ்ஞானகூட அலுமாரியில் ஒரு போத்தலுக்குள் இட்டு வைத்திருக்கின்றனர்.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் பாடசாலைப் படலையிலும் ஒரு நாய் கிடக்கும். அதைத் தேற்றுங்கள், தேற்றியதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் பிரதேச சபையின் கதவையும் தட்டுங்கள்.